நான் மார்க் போட்ட மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி. முதலாண்டு மாணவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் வேளாண் பல்கலைக்கழக மியூசியத்துக்குள் அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்ட வேண்டும். பன்னிரண்டுக்கு வெளியே விட வேண்டும்.

அவ்வளவுதான் வேலை. ஆட்டுப்பட்டியைத் திறந்து மூடுகிற மாதிரி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே காப்பாளர். மண், விதை, பூச்சி, பழைய கலப்பை. இருபத்து நான்கு வருஷமாக அவற்றோடுதான் குடித்தனம். ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி. பூச்சிகள் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. நல்ல உறவு.

அதைக் கெடுக்கத்தான் துறைத்தலைவர் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வெளிநாட்டில் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்தவர்.

"அங்கெல்லாம் குடும்பம் குடும்பமா மியூசியத்துக்கு வர்றாங்க சார். நாமளும் மாணவர் குடும்ப நாள் நடத்தறோம். நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க."

"சரி."

"கொஞ்சம் சிரிச்ச முகமா..."

"சம்பளத்துல அது இல்லை."

"அப்பறம், பேசறப்ப ஒரு 'ங்க' போட்டுப் பேசுங்க சார். வர்றவங்க எல்லாம் கோபி, பவானிப் பக்கத்து ஆளுங்க. சண்டை போட்டாலும் ஏனுங்கன்னுதான் ஆரம்பிப்பாங்க."

அந்த இரண்டெழுத்தை நான் எப்போதோ விட்டாயிற்று. நாளொன்றுக்கு அரைமணி நேரம் மிச்சம்.

ஒரு சுற்றறிக்கையும் கொடுத்தார். இரண்டு பக்கம். நிகழ்ச்சிக்கு இரண்டு பக்கம் எழுதுகிறவன் வேலை இல்லாதவன். முதல் பக்கத்தைப் படித்தேன். மடித்துப் பையில் வைத்தேன்.

ஞாயிறு ஒன்பதரைக்கே கதவைத் திறந்துவிட்டேன். பத்து ஆயிற்று. ஈ இல்லை. பத்தே கால். காக்கா இல்லை. வெளிநாட்டில் குடும்பம் குடும்பமாக வருகிறதாம்!

பத்து இருபதுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு மாருதி வேன். ஆறு பேர். வேப்பமரத்தடியில் ஒரு அம்பாசிடர். ஐந்து பேர். இந்தக் கூட்டம் கிழக்கே பார்த்து நிற்கிறது, அந்தக் கூட்டம் மேற்கே பார்த்து நிற்கிறது. இரண்டிலும் பெண்கள் பட்டுப்புடவையில் இருந்தார்கள். தலை நிறையப் பூ.

மண் பாட்டிலைப் பார்க்கப் பட்டுப்புடவை! உழக்குப் புத்தி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே தெரியட்டும்.

அவர்கள் மாணவர் குடும்பம் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். எடுத்ததும் பெண் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டு வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் அசிங்கம். அதனால் முதலில் ஏதாவது கோயிலில் 'தற்செயலாக' எதிரெதிரே வருவார்கள். பிடித்தால் பேச்சு. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை.

அது முகூர்த்த மாசம். கோயிலுக்குக் கோயில் இப்படித் தற்செயலாக வந்தவர்கள் கூட்டம். தரகர் யோசித்திருக்கிறார். 'மியூசியத்துக்குப் போங்க. அங்க ஒரு குஞ்சு குருவி வராது.' என் இருபத்து நான்கு வருஷ உழைப்புக்கு அந்த ஆள் கொடுத்த சர்ட்டிபிகேட்!

சொல்லிவிட்டு அவர் வரவில்லை. வேறு எங்கோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டாராம்.

பெண் கோபிசெட்டிபாளையம். தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்தவள். இது அவளுக்கு மூன்றாவது வரன். முன்னால் வந்த இரண்டு பேரும் ஒரே காரணம் சொல்லிப் போய்விட்டார்கள். 'பொண்ணு ரொம்பப் பேசுது.' இதுவும் போனால் நான்காவது வருமா என்பது சந்தேகம். அவளுடைய அப்பா வேனில் வரும்போதே சத்தியம் வாங்காத குறை. 'கண்ணு, இன்னிக்கு ஒரு நாளைக்கு வாயைத் தொறக்காதே.'

அந்தப் பெண்தான் என் கையில் சிக்கினாள்.

"ஏன் வெளியிலயே நிக்கறீங்க? பத்து மணின்னா பத்து மணி. உள்ள வாங்க ரெண்டு குடும்பமும்!" என்று கத்தினேன்.

இரண்டு கூட்டமும் திடுக்கிட்டுத் திரும்பின.

ஒரு 'ஏனுங்க' கூடப் போடாமல் அதட்டுகிற கிழவன். எங்கள் பக்கம் அப்படிப் பேசுகிற உரிமை நெருங்கிய சொந்தத்தில் பெரியவருக்குத்தான் உண்டு. பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்தார்கள். அவருக்கு இங்கே வேலை, அதனால்தான் தரகர் இந்த இடத்தைச் சொன்னார் என்று இரண்டு பக்கமும் கணக்கு. இரண்டு வீட்டாரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்! மரியாதையால் நாசமாய்ப் போகிற ஜனம் எங்களைவிட வேறு உண்டா தெரியாது.

வருகைப் பதிவேட்டை நீட்டினேன். 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம். பெண்ணின் அப்பா ரொம்ப நேரம் யோசித்து 'சும்மா' என்று எழுதினார். பின்னால் வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா அதைப் பார்த்து நிம்மதியாக 'மேற்படி' என்று எழுதினார்.

"ஏனுங்க, நாங்க வந்து..." என்று ஆரம்பித்தார் பெண்ணின் அப்பா.

"கேள்வி எல்லாம் கடைசியில."

"இல்லீங்க, பையன் கோயமுத்தூர்ல பம்பு கம்பெனில..." என்று மாப்பிள்ளையின் அம்மா.

"கம்பெனிக் கதை அப்பறம். நடங்க."

மாணவர் யார் என்று ஒரு பார்வை விட்டேன். அந்தப் பெண் ஒன்று. இந்தப் பக்கம் முன்தலை ஏறிய ஒருவன். முதலாண்டிலேயே வழுக்கை! விடுதிச் சாப்பாடு அப்படி.

மண் அலமாரிக்கு முன்னால் நிறுத்தினேன்.

"தம்பி, இது என்ன மண்?"

அவன் குனிந்து பார்த்தான். "கருப்பா இருக்குதுங்க."

"அது எனக்கும் தெரியுது. என்ன மண்?"

அவன் மறுபடியும் குனிந்து பார்த்தான். அவன் அம்மாவுக்கு முகம் சிவந்தது.

"நீ சொல்லு அம்மணி."

பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"அங்க என்ன பார்வை? வாயில கொழுக்கட்டையா?"

"கரிசலுங்க," என்றாள். அப்புறம் நிற்கவில்லை. அது ஏன் வெடிக்கிறது, எத்தனை நாள் ஈரம் பிடிக்கும், பருத்திக்கு ஏன் ஆகும், பக்கத்துப் பாட்டிலில் இருக்கிற செம்மண் ஏன் ஆகாது. அடைத்து வைத்த வாய்க்கால் உடைந்த மாதிரி!

"இது படிக்கிற புள்ளை!" என்று சத்தமாகப் பாராட்டினேன். இருபத்து நான்கு வருஷத்தில் நான் பாராட்டிய மூன்றாவது ஆள். அவள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தது கேள்வித்தாள். பத்துக் கேள்வி. காகிதச் சிக்கனம், ஆகவே இரண்டு மாணவருக்கு ஒரு தாள் என்று துறைத்தலைவர் உத்தரவு.

"நீங்க ரெண்டு பேரும் பூச்சி அறைக்குப் போங்க. பேசி, சேர்ந்து எழுதிட்டு வாங்க. அரைமணி நேரம்."



"தனியாவுங்களா?" என்றாள் பெண்ணின் அத்தை.

"கூடப் போய் நீங்க எழுதித் தரப் போறீங்களா?"

"அதெல்லாம் ஊட்டுக்கு வந்து, பெரியவங்க பேசி, அப்பறந்தானுங்க..."

"இங்க வந்தா இங்க சட்டம்!"

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரே சொல்லிவிட்டார் என்று பெண் வீடு அடங்கிற்று. பெண் வீட்டுப் பெரியவரே சொல்லிவிட்டார் என்று மாப்பிள்ளை வீடு வாயை மூடிற்று. பெண்ணும் பையனும் பூச்சி அறைக்குள் போனார்கள். நான் பெரியவர்களைக் கருவிக் கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அங்கே என் பெருமைக்குரிய பொருள். கவலை. மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கருவி, சில ஊரில் கமலை என்பார்கள். சால் என்கிற பெரிய வாளி, தண்ணீர் ஊற்றுகிற அதன் தோல் வால், பெரிய கயிறு, சின்னக் கயிறு, எல்லாம் நானே கட்டித் தொங்கவிட்டது.

"பார்த்துக்குங்க. தண்ணி எப்படி மேல வருதுன்னு..."

"வராதுங்க," என்றார் பெண்ணின் அப்பா.

"என்ன?"

"கயித்தை மாத்திக் கட்டியிருக்குதுங்க. பெரிய கயிறு சால்ல வரோணும். வால்ல சின்னக் கயிறு. இப்படிக் கட்டுனா அத்தனை தண்ணியும் கெணத்துக்குள்ளயே ஊத்திப்போடுமுங்க."

அதுவரை அவர் முகத்தைப் பார்க்காத மாப்பிள்ளையின் அப்பா சட்டென்று திரும்பினார். "நானும் வந்ததுல இருந்து அதையேதானுங்க பாக்கறேன். சொன்னாத் தப்பா நெனப்பாங்களோன்னு இருந்தேன்."

"புடிங்க அந்தப் பக்கம்," என்றார் பெண்ணின் அப்பா.

நான் 'தொடாதீங்க' என்பதற்குள் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவலையை இறக்கிவிட்டார்கள். ஒருவர் முடிச்சு அவிழ்த்தார், ஒருவர் போட்டார். 'இந்த முடிச்சுப் போட்டவன் மாட்டையே பாத்திருக்க மாட்டானுங்க' என்று ஒருவர் சொல்ல, மற்றவர் வயிறு குலுங்கச் சிரித்தார். முடிச்சுப் போட்டவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

பதினோரு வருஷமாக அது தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. எத்தனை பேருக்கு அதைக் காட்டி விளக்கம் கொடுத்தேன்!

அந்த ஆத்திரத்தோடுதான் பெண்ணும் பையனும் கொண்டுவந்த தாளைத் திருத்த உட்கார்ந்தேன். இருவர் கையெழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது. பெண் எழுதியது ஏழு, ஏழும் சரி. பையன் எழுதியது மூன்று, இரண்டு சரி. ஐந்தாவது கேள்வியில் நின்றேன்.

"பெட்டியில் உள்ள காண்டாமிருக வண்டுக்குக் கால்கள் எத்தனை? நாலாம்! பூச்சிக்கு ஆறு கால்னு ஒண்ணாங் கிளாஸ் பையன் சொல்லுவான். உங்க ஊட்டு வண்டுக்கு மட்டும் நாலா?"

பையன் தரையைப் பார்த்தான்.

"அம்மணி, நீ பாஸ். தம்பி, உனக்கு இது ஆகாது. நீ வேற எடம் பாரு."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தாள். "போலாமுங்க. பொண்ணு ஊட்டுப் பெரியவங்களே மூஞ்சிக்கு நேரா வேண்டான்னு சொன்னதுக்கப்பறம் என்னத்துக்கு நிக்கறது?"

பெண்ணின் அப்பா பதறிப்போனார். "ஐயோ, எங்க பெரியவருங்களா? உங்க பெரியவரு இல்லீங்களா இவரு?"

"எங்களுக்கு எதுக்குங்க இப்படி ஒருத்தரு?"

பதினொரு பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப நீங்க யாருங்க?"

"காப்பாளர்," என்றேன்.

அப்போதுதான் விஷயம் முழுக்க வெளியே வந்தது. தரகர், கோயில், மூன்றாவது வரன். பெண்ணின் அப்பா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் பதினோரு வருஷம் தப்பாகக் கட்டியதை அரைமணியில் சரி செய்த மனுஷன். அவர் சரியாகக் கட்ட நினைத்ததை நான் இரண்டு வாக்கியத்தில் அவிழ்த்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

"ஒரு நிமிசமுங்க," என்றது ஒரு குரல்.

பெண்.

அப்பா கையைக் காட்டி அடக்கினார். அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"அவருக்குப் போட்ட மார்க் தப்புங்க. ஆறுன்னுதான் நானும் சொன்னேன். 'கேள்வியில பெட்டியில உள்ள வண்டுன்னுதானே கேட்டிருக்கறாங்க, எண்ணிப் பாத்துட்டு எழுதலாமு'ன்னாரு. எண்ணிப் பாத்தோம். நாலுதான் இருக்குது. வேணும்னா வந்து எண்ணுங்க."

எல்லோரும் பூச்சி அறைக்குப் போனோம். மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணாடியில் விரல் வைத்துச் சத்தமாக எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அதோடு முடிந்தது. ஐந்தாவது கால் பெட்டியின் மூலையில் கிடந்தது. ஆறாவது எங்கே என்று அந்த வண்டைத்தான் கேட்க வேண்டும்.

"திருத்துங்க," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

திருத்தினேன். பதினொரு பேர் முன்னால், சிவப்பு மையில்.

அவள் பையைக் கீழே வைத்தாள். பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரொம்பப் பேசற புள்ளைன்னு சொன்னாங்க. பேசட்டுமுங்க. எங்க பையன் திட்டுனா வாங்கிக்கிட்டு நிப்பான். அவனுக்காகப் பேச ஊட்டுல ஒரு ஆளு வேணுமுங்க."

பெண்ணின் அப்பா எழுந்தார். "கண்ணு, நீ என்ன சொல்ற?"

"இவருக்குப் பாக்கத் தெரியுதுங்கப்பா," என்றாள் அவள். பையன் அப்போதும் தரையைத்தான் பார்த்தான். ஆனால் பல் தெரிந்தது.

அப்புறம் அங்கே நான் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் செய்வது என்றைக்கு என்று அங்கேயே பேச்சு ஆரம்பமாயிற்று. சித்தப்பா அலமாரியைக் கைகாட்டி, "நல்ல காரியத்தை ஏனுங்க தள்ளிப்போடறது? பாட்டில்ல உப்பு இருக்குதுங்களே!" என்றார்.

"அது பொட்டாஷ் உரம்!" என்று கத்தினேன்.

அதே நேரம் வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சார், உங்களைத் தேடி ஊட்டுக்கே போயிட்டு வர்றேன். பத்து மணியில இருந்து ஆடிட்டோரியத்துல நாப்பது பேரு உங்களுக்காகக் காத்துட்டு இருக்காங்க. துறைத்தலைவரு கொலைவெறியில இருக்காரு."

சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கூடும் இடம்: ஆடிட்டோரியம். இரண்டாவது பக்கத்தில் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் பஸ் ஏறிவிட்டார்கள். மீதிப் பேர் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டும், தூங்கிக்கொண்டும் இருந்தார்கள். துறைத்தலைவர் என்னிடம் பேசவே இல்லை. அதுவும் ஒரு வகையில் நேரம் மிச்சம்.

அடுத்த ஞாயிறும் அந்த வேலையை எனக்கே போட்டார். தண்டனையாம்.

அன்றிலிருந்து, ஓய்வுக்குப் பிறகும், வருகிறவர்களை முதலில் யார் என்று கேட்டுக்கொள்கிறேன். திட்டுவது அதற்குப் பிறகுதான்.