சுவிட்சை அணைத்து ஐரோப்பாவைக் காப்பவர்

மனிதர்களில் ஏழைகள் உண்டு, பணக்காரர்கள் உண்டு, நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கத்தையும் திட்டுகிறவர்கள் உண்டு. இவர்களையெல்லாம் தாண்டி, அணைக்கிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் அறையை விட்டு எழுந்திருக்கவே மாட்டீர்கள், சும்மா நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து உட்காருவீர்கள், அதற்குள் விளக்கு போய்விடும். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் ஒருவர் நிற்பார். முகத்தில் ஒரு நாட்டையே காப்பாற்றிய களை.

இந்த இனம் எல்லாக் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் கிழக்கே ரஷ்யா போர் தொடுத்து, அதற்காக ஐரோப்பா தடை விதித்து, தடைக்குப் பதிலடியாக அங்கிருந்து கேஸ் வருவது சுருங்கி, கட்டண ரசீதைப் பிரிக்கும்போது ஆட்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட அந்தக் குளிர்காலத்தில் இவர்கள் பூத்துக் குலுங்கினார்கள் பாருங்கள், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இத்தாலியில் எங்கள் ஆல்பா ஊரில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். எங்கள் தெருவுக்கு ஒரெஸ்தே.

ஒரெஸ்தே தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். முத்திரை குத்திய கை சும்மா இருக்குமா? காலையில் எழுந்ததும் அந்தக் கை முதலில் வீட்டைச் சூடாக்கும் பாய்லரைத் தேடும். பிறகு தாழ்வார விளக்கு. பிறகு மனைவி இர்மா குளித்துக்கொண்டிருக்கும் குளியலறை விளக்கு.

"ஒரெஸ்தே! நான் உள்ளதான் இருக்கேன்!"

"உன் முதுகு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு வெளிச்சம்?"

வீட்டை யாரும் பத்தொன்பது டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று அந்த வருஷம் அரசாங்கம் சொன்னது. அணைக்கிறவருக்கு அரசாங்கம் ஒன்று சொன்னால் தன்மானம் துடிக்கும். பத்தொன்பதா? என்ன சொகுசு! ஒரெஸ்தே பதினாறில் நிறுத்தினார். அதையும் சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும். மற்ற நேரத்தில் இர்மா மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் நடமாடினாள். கடைக்குக் கிளம்பும்போதும் அதே கோட்டு. வெளியே போகிறாளா உள்ளே வருகிறாளா என்று எதிர்வீட்டுக்காரிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இந்தக் கஷ்டத்தையெல்லாம் சத்தமில்லாமல் படுவார் என்று நினைத்தால் அணைக்கிறவரை நீங்கள் அறியவில்லை. கஷ்டம் பாதி, சொல்வது பாதி. ரெமோவின் காப்பிக்கடையில் ஹீட்டரை ஒட்டிய நாற்காலி ஒரெஸ்தேக்கு என்றே இருந்தது. அதில் உட்கார்ந்து, கழுத்துத் துணியைக் கழற்றாமல், அவர் தினமும் ஐரோப்பாவை நடத்தினார். திங்கட்கிழமை தடை போதாது, இன்னும் இறுக்க வேண்டும் என்பார். செவ்வாய்க்கிழமை தடை போட்டவன் முட்டாள் என்பார். புதன்கிழமைக்குள் ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து கேஸுக்கு விலை வைக்கிறவர்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கண்டுபிடித்திருப்பார்.

"டேய் ஒரெஸ்தே, நேத்து நீதானே தடை வேணும்னே?" என்று ரெமோ கேட்டால்,

"நேத்து எனக்கு ரசீது வரலை" என்பார்.

ஃபோனில் கடல் வரைபடம் ஒன்று வைத்திருந்தார். அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கப்பல்கள். "இதோ பாரு, கேஸ் கப்பல். ஸ்பெயினுக்கு வெளியே நின்னுக்கிட்டிருக்கு. உள்ள வர மாட்டேங்குது. ஏன்?"

"டீசல் தீந்துடுச்சோ என்னவோ."

"விலை ஏறட்டும்னு நிக்கிறாண்டா! எனக்குத் தெரியும்!"

ஜெர்மன்காரன் நிலத்தடியில் எவ்வளவு கேஸ் சேர்த்து வைத்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். நார்வேயில் எந்தக் குழாய் பழுது என்று தெரியும். தன் இரத்த அழுத்த மாத்திரை காலையிலா இரவிலா என்று மட்டும் இர்மாவைத்தான் கேட்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். அவர் உள்ளுக்குள் பயந்துபோயிருந்தார், அதுதான் உண்மை. ஓய்வூதியம் அதே இடத்தில் நிற்க ரசீது மட்டும் படியேறிக்கொண்டே போனால் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் காப்பிக்கடையில் போய் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஓர் ஆண் சொல்ல முடியுமா? அதையே ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், கப்பல் என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது.

நவம்பரில் தொலைக்காட்சியில் யாரோ படித்த மனிதர் வந்து, பாஸ்தாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள், அது தானாக வெந்துகொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார். இர்மா ஒரெஸ்தேயோடு அல்லவா இருக்க வேண்டியிருந்தது? அவள் சட்டியில் பாஸ்தாவைப் போட்டுத் திரும்பிச் சீஸைத் துருவுவதற்குள் அடுப்பு அணைந்திருக்கும். பற்றவைப்பாள். உப்பை எடுக்கத் திரும்புவாள். அணைந்திருக்கும். ஒருநாள் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பாஸ்தா இல்லை, தச்சன் வைத்திருக்கிற பசை.

"இதைத் தின்னு, பாக்கலாம்" என்றாள் இர்மா.

ஒரெஸ்தே தின்றார். முழுசாகத் தின்றார். "பிரமாதம்" என்றார். இந்த இனத்தின் பிடிவாதத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது.

அதோடு விட்டாரா? குளிர்காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் பான்யா காவுதா இல்லாமல் ஆகாது. பூண்டும் நெத்திலியும் ஆலிவ் எண்ணெயில் கரைந்து, ஆளுக்கொரு குட்டி மண்சட்டியில், அடியில் ஒரு மெழுகுவர்த்தி எரிய எரிய, காய்கறியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவது. இர்மா அதை மேஜையில் வைத்துக் கும்பிட்டு உட்கார்ந்தாள். ஒரெஸ்தே குனிந்து ஊதினார். இரண்டு மெழுகுவர்த்தியும் போயின.

"கடவுளே! மெழுகுவர்த்திக்கும் ரஷ்யாவுக்கும் என்ன சம்பந்தம்?"

"மெழுகு எதிலேருந்து வருது? கச்சா எண்ணெயிலேருந்து. எண்ணெய் எங்கேருந்து வருது? யோசி."

இர்மா யோசித்தாள். ஆனால் எண்ணெயைப் பற்றி இல்லை.

அவள் யோசித்தது மகளைப் பற்றி. மகள் இலாரியா துரின் நகரத்தில் இருந்தாள். கோடையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, பெயர் பியான்கா. குழந்தையின் முதல் கிறிஸ்துமஸ். அதைப் பிறந்த வீட்டில் கொண்டாட வேண்டும் என்பது இர்மாவுக்கு வேண்டுதல் மாதிரி. குழந்தையின் காலுக்குக் குட்டிக் கம்பளிச் சப்பாத்துகூடப் பின்னி வைத்துவிட்டாள். ஆனால் நவம்பரில் ஒருநாள் வந்து தங்கிய இலாரியா குழந்தையைக் கம்பளியில் சுற்றி, அதை மேல்கோட்டுக்குள் வைத்து, அந்தக் கோட்டோடு கட்டிலில் படுத்துவிட்டுப் போயிருந்தாள். டிசம்பரில் ஃபோன் செய்தாள்.

"அம்மா, நான் வரமாட்டேன். புள்ளைக்கு மூக்கு ஒழுகுது. அப்பா ஹீட்டரைப் போடறேன்னு சத்தியம் பண்ணட்டும், நாளைக்கே கிளம்பறேன்."

இர்மா ஃபோனை ஒரெஸ்தே பக்கம் நீட்டினாள். ஒரெஸ்தே தொண்டையைக் கனைத்தார்.

"புள்ளைங்களைக் குளிர்ல வளத்தாதாண்டி உறுதியா வரும். என்னைப் பாரு."

"உன்னைத்தாம்பா பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி இலாரியா வைத்துவிட்டாள்.

இர்மா சண்டை போடவில்லை. பெட்டியைக் கட்டினாள், சப்பாத்தை எடுத்து மேலே வைத்தாள்.

"நான் துரினுக்குப் போறேன். நீ வரியா?"

வருவதா? வந்தால் தோற்றதாகாதா? ஒரெஸ்தே பாய்லரைக் காட்டினார். "இதை யாரு பாத்துக்கறது?"

"அணைஞ்சு கெடக்கற பாய்லரை யாருடா பாக்கணும்? ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு இர்மா போயே போய்விட்டாள்.

ஒரெஸ்தே தனியாக இருந்தார். குளிர் அவரை வெல்லும் என்று நினைத்தீர்களா? வெல்லாது. வாயிலிருந்து புகை வந்தது, தாங்கினார். பசைப் பாஸ்தாவைக் காலையிலும் தின்றார், தாங்கினார். பேத்தியின் படத்தை ஃபோனில் பார்த்தார்; சப்பாத்து அளவாக இருந்தது; அதைக்கூடப் பல்லைக் கடித்துத் தாங்கினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, பெண்டாட்டி போன பின்னும் கொள்கை விடாத தன் வீரத்தைச் சொல்ல ரெமோவின் கடைக்குக் கிளம்பினார்.

கடைக்கண்ணாடியில், கேக் படம் இருந்த இடத்தில், ரெமோ தன் மின்கட்டண ரசீதை ஒட்டியிருந்தான். அந்த வருஷம் கடைக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள், ஜனங்களும் பார்க்கட்டும் என்று. சாவு அறிவிப்பு ஒட்டுகிற சுவரைவிட அங்கேதான் கூட்டம். ரெமோ உள்ளே நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"மூடறேன். ஜனவரி ஆறாம் தேதி, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும். காப்பி மெஷினை ஓட்டினா நஷ்டம், ஓட்டலைன்னா கொஞ்சம் நஷ்டம். கொஞ்சமே போதும்."

"அப்ப நான்?"

"நீ ஏன் கவலைப்படறே? உனக்குத்தான் எல்லாத்தையும் அணைச்சாப் பிடிக்குமே!"

ஹீட்டரை ஒட்டிய நாற்காலியும் கவிழ்ந்தது. ஒரெஸ்தே தெருவில் நின்றார். தாங்கிய குளிரையெல்லாம் இனி யாரிடம் சொல்வது? பாய்லரிடமா? கேட்க ஆளில்லாமல் ஒருவன் எத்தனை நாள் பதினாறு டிகிரியில் உட்கார்ந்திருக்க முடியும்? அணைக்கிறவர் சாப்பாடில்லாமல் இருப்பார், சூடில்லாமல் இருப்பார், ஒரு பேச்சுத்துணை இல்லாமல் அரைநாள் இருக்கமாட்டார். மத்தியான ரயிலில் ஏறிவிட்டார்.

துரினில் இலாரியா கதவைத் திறந்தாள். அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். உள்ளேயிருந்து கோடைகாலம் மாதிரி ஒரு காற்று வந்து ஒரெஸ்தேயின் மூக்கில் அடித்தது. அவர் அப்பாலே பார்த்தார். சன்னல் திறந்து கிடந்தது. டிசம்பர் மாதம். சன்னலுக்கு அடியிலேயே ஹீட்டர் தகதகவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ!" என்று கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினார். அதன் குமிழைப் பிடித்துத் திருகினார். அசையவில்லை. அடுத்த அறைக்கு ஓடினார். அதுவும் அசையவில்லை.

"அது திரும்பாதுப்பா. பெயின்ட் அடிச்சு அடிச்சே ஒட்டிப்போச்சு. கட்டிடத்துக்கே ஒரு பாய்லர், கீழ இருக்கு. மேல் மாடிக்காரங்களுக்குச் சூடு ஏறணும்னா நாங்க வேகணும்."

"அதை அணைக்கறது யாரு?"

"நிர்வாகி."

"அவன் எங்க?"

"கானரித் தீவுல. குளிர் தாங்கலையாம்."

ஒரெஸ்தே நடுக்கூடத்தில் நின்றார். வியர்த்தது. முதலில் கோட்டு போயிற்று. பிறகு ஒரு கம்பளிச் சட்டை, அதற்குள்ளே இன்னொரு கம்பளிச் சட்டை, அதற்குள்ளே இர்மாவின் கம்பளிச் சட்டை.

"இதை நான் எங்கெல்லாம் தேடினேன்!" என்றாள் இர்மா.

பனியனோடு நின்ற மனிதரின் கைகள் இரண்டு பக்கமும் தொங்கின. பகல் வெளிச்சம் இருந்ததால் விளக்கும் எரியவில்லை. அந்த வீட்டில் அந்தக் கைகளுக்கு ஒரு வேலையும் இல்லை. இர்மா அதைப் பார்த்தாள், பியான்காவைத் தூக்கி அந்தக் கைகளில் வைத்தாள். குழந்தை அவர் மீசையைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தது. இழுத்துப் பார்த்தது. அசல்தான் என்று தெரிந்ததும் அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டது. ஒரெஸ்தே மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். நவம்பருக்குப் பிறகு முதல்முறையாகத் தன் கால்விரல்கள் பத்தும் இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இர்மா பெரிய சட்டியில் தண்ணீர் வைத்தாள். சமையலறை அடுப்புக்கு வீட்டுக்கு வீடு தனி ரசீது, அது ஒரெஸ்தேக்கும் தெரியும். தண்ணீர் கொதித்தது. கறி வைத்து மடித்த அன்யொலோத்திப் பாஸ்தாவைப் போட்டாள். தீயைக் குறைக்கவில்லை. ஒரெஸ்தேயின் வலது கை நாற்காலிக் கைப்பிடியில் துடித்தது. எழுந்திருக்கப் பார்த்தார். நெஞ்சில் பியான்கா தூங்கிக்கொண்டிருந்தாள்; எழுந்தால் விழித்துக்கொள்வாள். இர்மா அவரை நேராகப் பார்த்துக்கொண்டே தீயை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்படி வெந்த அன்யொலோத்தியை அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் சாப்பிட்டதில்லை. மூன்று தட்டு சாப்பிட்டார்.

ஒருநாள் தங்க வந்தவர் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அசையவில்லை. திறந்த சன்னலுக்குப் பக்கத்தில் பனியனோடு உட்கார்ந்து, "கொஞ்சம் காத்து வரட்டும்" என்று இன்னும் அகலத் திறந்துவிட்டார் என்று இலாரியா சொன்னாள். நான் நம்புகிறேன். ரயில் நிலையத்தில் வழியனுப்ப வந்த மகளிடம் அவர் சொன்னார்.

"புள்ளையைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வாம்மா. நல்லா சூடா வெச்சிருக்கேன்."

"நெசமாவாப்பா? எப்ப வரட்டும்?"

"ஆகஸ்ட்ல."

ரெமோ கடையைத் திறந்த அன்றே ஒரெஸ்தே தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கழுத்துத் துணியைக் கழற்றவில்லை. கடையில் இருந்த எல்லாரும் கேட்கும்படி அறிவித்தார்.

"ரெண்டு வாரம்! ரெண்டு வாரமா என் வீட்டு மீட்டர் அசையவே இல்லை. பிரஸ்ஸல்ஸ்ல இருக்கறவனுங்க என்கிட்ட வந்து படிக்கணும்!"

"நீ வீட்லயே இல்லையேடா!" என்றான் ரெமோ.

"அதாண்டா வழி! அது உங்க யாருக்காவது தோணிச்சா?"

யாருக்கும் தோன்றவில்லைதான். ஹீட்டர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு, அந்த வருஷத்து நெருக்கடியைத் தனியாளாக முடித்துவைத்தவர் போல அவர் காப்பியை உறிஞ்சினார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். வீட்டில் அரை வாளித் தண்ணீரில் குளிக்கிற நீங்கள் ஓட்டல் அறைக்குப் போனால் ஷவரைத் திறந்துவிட்டு நின்று பாட்டுப் பாடுவதில்லையா? உறவுக்காரர் வீட்டில் குளிர்சாதனம் ஓடுகிறதென்று ஊருக்குத் திரும்பும் நாளை ஒருதரம் தள்ளிப்போட்டதில்லையா? இல்லை என்று சொல்லாதீர்கள், நான் கேட்கமாட்டேன். இதைப் படிக்க எங்கோ ஒரு விளக்கு உங்களுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அது யார் வீட்டு விளக்கு என்று மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டு விளக்காக இருந்தால் கை இந்நேரம் சுவிட்சுக்குப் போயிருக்கும்.