அலசாத சாக்கு

“சார், ஸ்ரீரங்கத்து வக்கீல் மறுபடியும் வந்திருக்கார். உங்களைத்தான் கேக்குறார்.”

வாட்ச்மேன் சொல்லி முடிப்பதற்குள் சூப்பர்வைசர் இருதயநாதன் பலகை அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

“நான் துறையூர் போயிருக்கேன்னு சொல்லுங்க.”

“நேத்தும் அதைத்தானே சொன்னேன்?”

“இன்னும் திரும்பலைன்னு சொல்லுங்க!”

காட்டூரில் இருந்த அந்தக் கம்பெனி, காந்தி மார்க்கெட்டில் பழைய சாக்குகளை வாங்கி, வேகவைத்து, கூழாக்கி, அழுத்திச் சீலிங் பலகை செய்தது. வியாபாரம் படுத்துவிடவே, கம்பெனியைச் சீரமைக்கும் பொறுப்பை முதலாளி ஹனீஃபா ராவுத்தர் இருதயநாதனிடம் ஒப்படைத்தார். அவரும் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து யோசித்து, சாக்கு அலசும் பிரிவை ஒழித்துக் கட்டினார். எப்படியும் கொப்பரையில் வேகப்போகிற சாக்கை எதற்கு முன்கூட்டியே குளிப்பாட்ட வேண்டும்? சகாயம்மாளும் கூட அலசிய பெண்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

முதலாளிக்கு யோசனை பிடித்துப்போயிற்று.

“மாஷா அல்லா! இது நல்லா ஓடிச்சுன்னா நீதான் மேனேஜர். ஆனா இருதயம், ஒரே ஒரு புகார் வந்தாலும் அடுத்த சீரமைப்புல உன் நாற்காலிதான் போகும்.”

மனைவி லூர்துராணி முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

புதுப் பலகை முதலில் போனது வக்கீல் தேசிகாச்சாரியின் வாடகை வீட்டுக்கு. ஓட்டிலிருந்து தூசி கொட்டுகிறது என்று அங்கே குடியிருந்த ஓவர்சீயர் ரங்கபாஷ்யம் ஓயாமல் நச்சரித்ததால், வக்கீல் முணுமுணுத்துக்கொண்டே சீலிங் போட்டுக் கொடுத்திருந்தார்.

பிறகு மழை வந்தது. ஈரம் ஏறியதும் பலகை தன் பூர்வீகத்தைச் சொல்லிவிட்டது. அந்தச் சாக்குகளில் பாதி, மார்க்கெட்டில் கருவாடு சுமந்தவை. அதுவும் எங்கே? ஸ்ரீரங்கத்தில், வைஷ்ணவர் வீட்டுக் கூடத்தில்!

மறுநாளே வக்கீல் கம்பெனி வாசலில் வந்து நின்றார். அன்று தொடங்கியதுதான் இருதயநாதனின் துறையூர்ப் பயணம்.

ஒளிந்தபடியே அவர் சும்மா இருக்கவில்லை. ஓர் ஆளிடம் சாம்பிராணி கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பினார். ஆள் இருமிக்கொண்டே திரும்பி வந்தான்.

“‘இத்தனை நாள் வெறும் கருவாடு, இப்போ சுட்ட கருவாடா ஓய்?’னு ஓவர்சீயர் விரட்டி அடிச்சுட்டாருங்க.”

அடுத்து, பலகைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சுண்ணாம்புத் தண்ணீரை வயிறாரக் குடித்த பலகை இன்னும் தாராளமாக மணந்தது. தெருவிலிருந்த பூனைகளெல்லாம் ஓட்டின்மேல் ஏறி மாநாடு கூட்டின. வக்கீல் இப்போது காலையிலும் வந்தார், மாலையிலும் வந்தார்.

இருதயநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி காதில் விழுந்தால் நாற்காலி போய்விடுமே! கடைசியில் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சகாயம்மாளின் வீட்டுக்கே போனார்.

“தொட்டியை நிரப்பும்மா. இன்னையிலேர்ந்து எல்லாச் சாக்கையும் பழையபடி அலசணும்.”

“நாளைக்கு வேணாம்னு சொல்ல மாட்டீங்களே?”

“மாதா மேல ஆணை!”

ஆனால் புதுப் பலகை காயும் வரை வக்கீல் காத்திருப்பாரா? வெள்ளிக்கிழமை, முதலாளி ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியதும், அவர் அறையின் சீலிங்கையே இருதயநாதன் கழற்றினார். அது அலசிய காலத்துப் பலகை, சுத்த சைவம். தச்சர்களோடு அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் பறந்தார். திரும்பிப் போய் முதலாளிக்கு என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

அங்கே வாசலில் வேறொரு வண்டி நின்றது. கட்டில், பெட்டி, ஊறுகாய் ஜாடி எல்லாம் ஏறியாயிற்று. ஓவர்சீயர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“சார், போகாதீங்க! சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்!”

“பெருமாளைச் சேவிச்சுட்டு ஆத்துக்குள்ள நுழைஞ்சா மீன் கடையா இருக்கு. எப்படிங்காணும் பொறுக்கறது?”

இருதயநாதன் கிட்டத்தட்ட காலில் விழுந்தார். தச்சர்கள் பேயாய் உழைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பழையது இறங்கி, நல்லது ஏறியது. ஓவர்சீயர் உள்ளே போய் நின்று, துண்டை விலக்கி, நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தார்.

“பேஷ்! சாமானை இறக்குங்கோ!”

இருதயநாதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜாடியைத் தாமே சுமந்து உள்ளே வைத்துவிட்டு வந்தால், வக்கீலும் அவருடைய குமாஸ்தா பிச்சமுத்துவும் ஜட்காவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பல நாளைக்குப் பிறகு முதல்முறையாக அவர் ஒளியவில்லை.

“வாங்க சார்! எல்லாத்தையும் மாத்தியாச்சு. துளி வாசனை இல்லை. ஓவர்சீயர் சார் சந்தோஷமா இங்கேயே இருக்கேன்னுட்டார். இனிமே உங்க புகாருக்கே இடமில்லை.”

வக்கீல் சீலிங்கைப் பார்த்தார். உள்ளே கட்டிலை விரித்துக்கொண்டிருந்த ஓவர்சீயரைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிச்சமுத்துதான் வாயைத் திறந்தார்.

“புகாரா? எந்தக் கோர்ட்டாலயும் காலி பண்ண வைக்க முடியாத மனுஷனை உங்க பலகை ஒரே மழையில காலி பண்றேன்னு சொல்ல வச்சிடுச்சு, மத்த வாடகை வீட்டுக்கெல்லாம் அதே சரக்குதான் வேணும்னு ஆர்டர் கொடுக்கத்தானே சார், எங்க ஐயா தினமும் உங்களைத் தேடி வந்தாரு!”