நாற்பதைத் தாண்டாத காடி

செங் என்ற ஊரின் மேட்டில் பாதி ஏறியதும் கார் மறுபடியும் மூச்சை விட்டது.

தம்பிராஜா மிதியை இன்னும் அழுத்தினார். அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. பின்னால் வாழைத்தாரோடு சைக்கிளில் வந்தவர் எழுந்து நின்று மிதித்து அவரை முந்திப் போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "தள்ளிவிடணுமாண்ணே?" என்று கேட்டார்.

கிண்டலாகக் கேட்டிருந்தால் பொறுத்திருக்கலாம். அந்த மனிதர் உண்மையான இரக்கத்தோடு கேட்டார். அதைத்தான் தம்பிராஜாவால் பொறுக்க முடியவில்லை.

ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி கிளப்பினார். ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் முனகலில்லாமல் ஓடியது. காஜா பெராங்கில் வீட்டு வாசலுக்கு வரும்வரை சமர்த்தாகவே வந்தது. நாற்பது மைலுக்குக் கீழே ஓட்டினால் அதைப்போல ஒரு வண்டி மலாக்காவில் கிடையாது. நாற்பதைத் தொட்டால் சோர்ந்துவிடும்.

நில அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த தம்பிராஜாவுக்கு வேகத்தில் ஆசை கிடையாது. ஊரார் காடி என்று சொல்லும் அந்தக் காரை அவர் வாங்கியதற்குக் காரணம் அவருடைய தங்கை சிவகாமசுந்தரி.

போன வருஷம் அவள் வாழ்க்கைப்பட்டிருந்த ரப்பர் தோட்டத்தில் அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, லாரி வருவதற்காகக் காத்திருந்து, அந்த லாரியும் வழியில் நின்று, மலாக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாய் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததைத் தம்பிராஜாதான் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அழவும் இல்லை. மறு மாதமே கார் ஓட்டப் பழகினார்.

இப்போது சிவகாமி மறுபடி பிள்ளையாண்டிருந்தாள். மாமியார் படுத்த படுக்கையாக இருந்ததால் அண்ணன் வீட்டுக்கு வந்து தங்க முடியாத நிலை. "வலி வந்ததும் ஆபீசுக்குப் போன் போடச் சொல்லு. நான் காடியோட வந்து நிக்கிறேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

சுதந்திரம் வரப்போகிறது என்று வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்துதான் காரை வாங்கினார். சின்னக் கார். எண்ணூறு சி.சி., நாலு சிலிண்டர், முப்பது குதிரைச் சக்தி. ஆனால் துரைக்குப் பந்தய ஆசை இருந்ததால் அதில் 'ப்ளோவர்' என்றொரு காற்று அழுத்தியைப் பூட்டியிருந்தார். அது சேர்ந்ததும் முப்பது குதிரை நாற்பத்தைந்தாகிவிடும். தம்பிராஜா கூடவே வந்த புத்தகத்தைத் தேவாரம் படிப்பதுபோலப் படித்தார். ஆயிரம் மைலுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றினார். காலையில் எஞ்சின் சூடாகும்வரை அதை அதட்டாமல் காத்திருந்தார்.

மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அன்று, மனைவி கோகிலாவை முன் சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரும்பும்போது அடுத்த வீட்டுப் பாக்கியத்தின் கோழிகள் கூரைமேல் ஏறின. பாக்கியம், தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். தமிழ் அவ்வளவாக வராது. சாரோங்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து, "மச்சாம் ஹந்து!" என்று கத்தினாள். பேய் மாதிரி போகிறதாம். தம்பிராஜா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கோகிலா இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்.

"என்னங்க, இவ்வளவு வேகம் இதுக்கு எங்கேருந்து வருது?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய விஷயம் எதையும் அவள் இப்படி விசாரித்ததில்லை. தம்பிராஜா பூரித்துப்போய் மூடியைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தா பாரு, கம்பி வலை போட்ட வாய். காடி மூச்சு விடறதே இது வழியாத்தான். உள்ள வர்ற காத்தை இந்த ப்ளோவர் அமுக்கித் தள்ளுது. வேகம் பூராவும் இங்கேதான் இருக்கு."

"ஓ, இங்கேதானா" என்றாள் கோகிலா.

மறுநாள் காலை எண்ணெய் பார்க்க மூடியைத் திறந்தபோது, அந்த வாய்க்கு மேலே இருந்த கம்பியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. உள்ளே காணிக்கைக் காசு. தம்பிராஜாவுக்குக் கண் கலங்கியது.

"என்ன வேண்டிக்கிட்டே?"

"வேண்டுதலை வெளியே சொன்னா பலிக்காதுங்க."

அதுவும் நியாயம்தான். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

செங் மேட்டில் சைக்கிள் முந்திய கதையைக் கேட்டுக்கொண்டே மெக்கானிக் தேவதாஸ் காரைப் பட்டறைக்குள் தள்ளினான். உஜோங் பாசிரில் அவனுடைய பட்டறை. ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவன். மூடியைத் திறந்ததும் மஞ்சள் முடிச்சைக் கண்டான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, அதை மெல்ல அவிழ்த்து, சுவரில் மாதா படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினான்.

"கிரீஸ் பட்டுடக் கூடாதுண்ணே. யார் சாமியா இருந்தா என்ன, நேர்த்தி நேர்த்திதானே."

பிளக்குகளைக் கழற்றித் துலக்கிப் போட்டான். எஞ்சினை உறுமவிட்டான். பட்டறைத் தகரம் அதிர்ந்தது. எங்கேயும் தடங்கல் இல்லை. பிறகு மறுபடி கை கழுவி, முடிச்சை அது இருந்த இடத்திலேயே பத்திரமாகக் கட்டினான்.

"சரியாப் போச்சு கோகிலா!" என்று கூவிக்கொண்டே தம்பிராஜா வீட்டுக்குள் நுழைந்தார். "இனிமே அறுபதைத் தொடும்!"

கோகிலா அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்தாள். மறுநாள் காலை கம்பியில் இரண்டாவது முடிச்சு தொங்கியது.

அன்று கார் முப்பத்தைந்திலேயே சோர்ந்தது.

தேவதாஸ் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் துவாரத்தைப் பெரிதாக்கினான். பட்டறையில் மறுபடியும் கர்ஜனை. "இப்ப எழுபதே போகும்" என்று தம்பிராஜா வீட்டில் அறிவித்தார். மூன்றாவது முடிச்சு வந்தது. வாசலிலிருந்து கிளம்பி அழுத்தியதுமே கார் கரும்புகையைக் கக்கி, பாக்கியம் வெளுத்துக் காயப்போட்டிருந்த துணிகளைச் சாம்பல் நிறமாக்கியது. தம்பிராஜா நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவற்றைத் தம் வீட்டுக்கு எடுத்து வந்து, கோகிலாவும் அவருமாகத் துவைத்துக் கொடுத்தார்கள்.

வால்வுகளைச் சரிசெய்தார்கள். ப்ளோவரைச் சுழற்றும் வாரை மாற்றினார்கள். நாலாவது முடிச்சும் ஐந்தாவது முடிச்சும் வந்தன. இப்போது முப்பதைத் தாண்டவே கார் யோசித்தது.

தேவதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, என் பட்டறையில நல்லா ஓடுது. உங்க ரோட்டுலதான் ஓட மாட்டேங்குது. பேசாம ரோட்டை இங்க கொண்டாந்துடுங்க, அதையும் கழட்டிப் பாத்துடுவோம்."

தம்பிராஜா சிரிக்கவில்லை. தங்கையின் மாதம் நெருங்கிவிட்டது.

"அக்காவோட நேர்த்தி மட்டும் கூடிக்கிட்டே போகுது" என்றபடி தேவதாஸ் ஐந்து முடிச்சுகளையும் ஒவ்வொன்றாகக் கட்டினான்.

"அவ மனசு அப்படி" என்றார் தம்பிராஜா. "எனக்கு நம்பிக்கை போயிட்டாலும் அவளுக்குப் போகலை."

போன் வந்தது ஒரு காலை வேளையில். மாப்பிள்ளையின் குரல் நடுங்கியது. "மச்சான், வலி கண்டுடுச்சு."

தம்பிராஜா பெரிய கிராணியிடம் சொல்லக்கூட நிற்காமல் ஓடினார். வீட்டில் கோகிலா ஏற்கெனவே பழைய சேலைகளையும் வெந்நீர்ப் பிளாஸ்கையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். "நானும் வரேன்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

தோட்டத்துக்குப் போகும் அலோர் காஜா சாலை நேராக விரிந்து கிடந்தது. தம்பிராஜா அழுத்தினார். கார் ஒரு கணம் பாய்ந்தது. பிறகு யாரோ கழுத்தைப் பிடித்ததுபோலத் திணறியது. காலை எடுத்தார், சரியானது. அழுத்தினார், திணறியது.

"தாயே, இன்னிக்கு ஒரு நாள்" என்று அவர் வாய்விட்டே கெஞ்சினார். பக்கத்தில் பார்த்தார். கோகிலா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. இருவருமாகக் கேட்டால் அம்மன் கேட்காமலா போவாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அம்மன் முப்பதுக்கு மேல் ஒரு மைல்கூடக் கொடுக்கவில்லை.

தோட்டத்தில் சிவகாமியைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். கோகிலா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் சிவகாமி "அண்ணா" என்றாள். அந்தச் சொல் தம்பிராஜாவின் முதுகில் விழுந்தது. போன வருஷத்து லாரி, அவர் கையில் வாங்கிய துணிப்பொதி, எல்லாம் கண்ணுக்குமுன் வந்தன. காலால் மிதியைத் தரையோடு அழுத்தினார். கார் இன்னும் மெதுவாகப் போனது.

ஒரு பாலத்துக்கு முன் சாலை வளைந்தது. வளைவைத் தாண்டியதும் நடுச்சாலையில் எருமைக் கூட்டம் படுத்திருந்தது. பிரேக் போட்டார். ஒரு எருமையின் மூக்கு விளக்கில் இடிக்காத குறை. அது எழுந்து, சோம்பல் முறித்து, காரை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு வழிவிட்டது.

"இதுங்க வேற! சனியனுங்க, நேரத்தைத் தின்னுதுங்க" என்று தம்பிராஜா பல்லைக் கடித்தார். பின்னால் கோகிலா வளைவையும் எருமைகளையும் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தாதி சிவகாமியைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தாள். வியர்த்து வழிய நின்ற தம்பிராஜாவைப் பார்த்தாள்.

"ஏன் இப்படிப் பதறுறீங்க? நிறைய நேரம் இருக்கு. நல்லவேளை, குலுங்காமக் கொண்டாந்தீங்க."

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. வராந்தாவின் கடைசிவரை கேட்கும்படி அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும், போன வருஷம் அழாத தம்பிராஜா தூணில் சாய்ந்துகொண்டு அழுதார்.

முகம் கழுவிக்கொண்டு காரிடம் வந்தார். கோபம் தணிந்திருந்தது. நோயாளியிடம் கேட்பதுபோல, "உனக்கு என்னதான் பண்ணுது?" என்று மூடியைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, மிதியிலிருந்து வரும் கம்பியைக் கையாலேயே இழுத்து வேகத்தைக் கூட்டினார்.

ஐந்து மஞ்சள் முடிச்சுகளும் மெல்ல அசைந்தன. பிறகு தாய்மடியைத் தேடும் குட்டிகளைப்போல ஒன்றாகத் தலையை நீட்டி, அந்தக் கம்பி வலை வாயில் போய்ப் பச்சென்று ஒட்டிக்கொண்டன. எஞ்சின் திணறியது. கையை எடுத்தார். முடிச்சுகள் பொத்தென்று கீழே விழுந்து ஒன்றும் அறியாததுபோலத் தொங்கின.

தம்பிராஜா இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் போய் ஒட்டிக்கொண்டன.

அவளுடைய பக்திதான் காரின் மூச்சைப் பிடித்திருக்கிறது. இதைச் சொன்னால் கோகிலா என்ன ஆவாள்? நம்மால் அல்லவா அந்தப் பிள்ளைக்கு ஆபத்து வந்திருக்கும் என்று ஆயுள் முழுதும் மருகுவாள். அன்போடு கட்டியது. கட்டிய கையை நோகடிக்க அவருக்கு மனம் வரவில்லை. சில உண்மைகளை நாமே விழுங்கிக்கொள்வதும் ஒரு வழிபாடுதான் என்று அவருக்குத் தோன்றியது. முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தூசி தட்டி, கைக்குட்டையில் பொதிந்தார்.

கோகிலா வராந்தாவில் குழந்தையை ஏந்தி நின்றாள். அவர் அருகில் போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு, கைக்குட்டையை நீட்டினார்.

"கோகிலா, காடி சரியா ஓடலைன்னு நீ மனசு கஷ்டப்படாதே. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. அதுவே உன் வேண்டுதல் பலிச்ச மாதிரிதான். வெள்ளிக்கிழமை கோயில்ல செலுத்திடுவோம்."

கோகிலா குழந்தையின் நெற்றியைத் தடவினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பலிச்ச மாதிரி என்னங்க, பலிச்சே போச்சு. இந்தக் காடி நாப்பதைத் தாண்டவே கூடாது தாயேன்னுதான் வேண்டிக்கிட்டேன், அவ முப்பதாவே குடுத்துட்டா!"