மான் மட்டும் இருக்கட்டும்

உலகத்தில் ஓர் இனம் உண்டு. அது பொருளை வாங்காது, பெயரை வாங்கும். பெயரோடு பொருளையும் கொடுக்கிறார்களே என்று, பெருந்தன்மையாக அதையும் வீட்டுக்கு எடுத்து வரும். சட்டை கிழிந்து கரித்துணி ஆன பிறகும் கழுத்துப்பட்டையில் தைத்திருக்கும் பெயர்த் துண்டைக் கத்தரித்துப் பத்திரப்படுத்துவது இந்த இனம். மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல், பாதி உலகத்தை அந்தச் சீட்டின் வழியாகவே பார்ப்பதும் இதே இனம்தான். உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் நம்முடையவரை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடையவருக்கு அலுவலகத்தில் 'ஒரிஜினல் சார்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. யாராவது ஒரு பேனாவை எடுத்து எழுதினால் போதும், எட்டிப் பார்த்து, "இது எந்தக் கம்பெனி?" என்பார். எழுதுகிறதா என்று கேட்க மாட்டார். எழுதாத பேனாக்களே அவர் மேசையில் ஒரு குவளை நிறைய இருக்கின்றன. எல்லாம் அசல்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவன் ஒரு மச்சானைக் கொடுத்தான், மனைவியின் அண்ணன். இவர் எதை வாங்கி வைத்தாலும் அந்த மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, "டூப்ளிகேட்டா மாப்பிள்ளை?" என்று அன்பாகக் கேட்பார். கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டார். பெட்டியைப் பார்த்துக் கேட்டார். கல்யாண மோதிரத்தைப் பார்த்தும்கூடக் கேட்டார், அது அவரே போட்ட மோதிரம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் வாயால் 'ஒரிஜினல்' என்று கேட்டுவிட வேண்டும் என்பதுதான் நம்மவரின் வாழ்நாள் தவம். ஆசையைச் சொல்லிச் சிரிக்கிறோம், ஆனால் அவருக்கு அது உண்மையிலேயே வலிக்கிற இடம்.

அதற்காகத்தான் அந்தக் கத்தி வந்தது. கறுப்புப் பூச்சு போட்ட காய்கறிக் கத்தி. அலகின் நடுவே வெள்ளி நிறத்தில் ஒரு பாயும் மான். மானுக்குக் கீழே கம்பெனியின் பெயர், யாராலும் வாசிக்க முடியாத வளைந்த எழுத்தில். வாசிக்க முடியாவிட்டால் பெரிய கம்பெனி என்று பொருள்.

மனைவி அதைக் கம்பி நாரால் தேய்த்தார். பூச்சு உரிய ஆரம்பித்தது.

"கறுப்பு கறுப்பா உதிருதுங்க. காயில எல்லாம் கலக்குது. தூக்கிப் போடுங்க அதை."

"தூக்கிப் போடறதா? இது என்ன கம்பெனின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நேத்து அதை முழுங்கினது மட்டும் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வருகிறார் என்று தெரிந்ததும் நம்மவர் களத்தில் இறங்கினார். பூச்சு முழுவதையும் எடுத்துவிடுவது, மான் மட்டும் இருக்கட்டும் என்பது திட்டம். கைப்பேசியில் யாரோ செய்துகாட்டியதைப் பார்த்து, வினிகரில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்க்கத் தீர்மானித்து, மானுக்குக் காவலாக என்ன போடலாம் என்று வீடெல்லாம் துழாவி, ஒட்டுத்தாளுக்கு அடியில் வினிகர் புகுந்துவிடும் என்று பயந்து, கடைசியில் மனைவி கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற சிவப்பு நெயில் பாலிஷைத் திறந்து, மான் மேல் பூசு பூசென்று பூசினார். சொந்த மகளுக்குக்கூட இவ்வளவு பொறுமையாகப் பொட்டு வைத்ததில்லை.

ஊறவைத்துத் தேய்த்து முடித்ததும் அலகு முகம் பார்க்கிற கண்ணாடியாக மின்னியது. நடுவில் சிவப்பாக ஒரு திட்டு. அதை நகச்சாயம் அழிக்கிற திரவத்தால் துடைத்தார். கறுப்புத் தீவில் மான் பாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் திரவம் சும்மா இருக்குமா? சாயத்தோடு அடியில் இருந்த பூச்சையும் இளக்கிவிட்டது. மானின் வால் பக்கம் லேசாகத் தூக்கியிருந்ததை அவர் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். படுத்துக்கொண்டது. இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்.

மனைவி கத்தியை வாங்கிப் பார்த்தார். "உதிருதுன்னுதானே எல்லாத்தையும் உரிச்சீங்க? இதை மட்டும் ஏன் விட்டீங்க?"

"தோலை உரிக்கலாம். முகத்தை உரிப்பாங்களா?"

மச்சான் வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத நம்மவர், "வெள்ளரிக்காய் நான் நறுக்கறேன்" என்று கிளம்பியதும் மனைவிக்கே தூக்கிவாரிப் போட்டது. மச்சானுக்கு நேர் எதிரே நின்று, மான் அவரைப் பார்க்கிற மாதிரி கத்தியைப் பிடித்து, மெல்லிய வில்லைகளாகச் சீவிச் சீவி அவர் தட்டிலேயே தள்ளினார். ஈர வில்லை ஒவ்வொன்றும் அலகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் விரலால் வழித்துவிட்டார்.

"கத்தி புதுசா மாப்பிள்ளை?"

"பாருங்க மச்சான். நல்லாப் பாருங்க."

மச்சான் சட்டைப் பையில் கைவிட்டுக் கண்ணாடிக் கூட்டை எடுத்து, திறந்து, கண்ணாடியைத் துடைத்து, மாட்டிக்கொண்டு, கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே மாப்பிள்ளை. பேரே இல்லாத கத்தியா?"

நம்மவர் பார்த்தார். அலகு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மானைக் காணோம். மச்சான் கத்தியை வைத்துவிட்டு ஒரு வில்லையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"அண்ணா, கொஞ்சம் இருங்க," என்றார் மனைவி.

"வாயில வச்சிடாதீங்க மச்சான்!" என்று நம்மவர் அலறினார். "அதுதான் ஆதாரம்!"

வெளிர்பச்சை வில்லையின் நடுவே, வாலிலிருந்து கொம்பு வரை ஒரு குறையும் இல்லாமல், மான் பாய்ந்துகொண்டிருந்தது. மச்சான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நகைக்கடைக்காரர் கல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஒரிஜினல்தான் மாப்பிள்ளை," என்றார் கடைசியில். "வெள்ளரிக்காய்."

தவம் பலித்துவிட்டது. என்ன, வரம் காய்க்குப் போய்விட்டது. அன்று நம்மவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அந்த வில்லையை ஒரு கிண்ணத்தில் வைத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார், இன்னும்.

சிரித்தாகிவிட்டதா? சரி, இப்போது எழுந்துபோய் உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பாருங்கள். மின்சாரம் மிச்சமாகும் என்று கம்பெனிக்காரன் ஒட்டிய தாள், வாங்கின நாளிலிருந்து அப்படியே இருக்கிறதல்லவா? ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்குங்கள். கை வரவில்லையா? கட்டைவிரலால் அழுத்தி விட்டுவிடுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.