கடைக்காரர் வீட்டுத் தரைக்கு அடியில்

தரையைத் தோண்டிப் போட்டு மூன்று நாள் ஆகிவிட்டது. அடியில் வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்க எந்தக் குழாயைப் பதிப்பது என்று தொக்மானுக்கு இன்னும் முடிவாகவில்லை. சனிக்கிழமை மாமியார் வருகிறார். போன குளிர்காலத்தில் பழைய குழாய் ஓட்டையாகி, வெந்நீர் ஓடாத தரையில் விறைத்துப்போய், "மூத்த மாப்பிள்ளை வீடே தேவலை" என்று மூட்டை கட்டியவர்.

"இந்தத் தடவையும் தரை சில்லுன்னு இருந்தா அம்மா இனி வரவே மாட்டாங்க," என்றாள் மனைவி யோன்சுக். "நானும் கூடவே போயிடுவேன்."

தொக்மான் ஜேச்சொன் சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்பவன். விற்கிறவன் வாயை நம்பாதே, அவன் வீட்டு அடுப்பங்கரையை நம்பு என்பது அவன் தொழில் சூட்சுமம்.

முதலில் ஹாம் முதலாளியின் குழாய்க் கடை. வெள்ளை பிளாஸ்டிக் குழாய்.

"ஒரே சுருள் தம்பி. நடுவுல இணைப்பே இல்ல. இணைப்பு இல்லேன்னா ஒழுக்கும் இல்ல."

"உங்க வீட்டுத் தரையில என்ன ஓடுது முதலாளி?"

ஹாம் தலையைச் சொறிந்தார். "அது வந்து... செம்பு."

'ஆகா, மாட்டினார்!' தொக்மான் எதிர்க்கடைக்குப் பாய்ந்தான். சூ முதலாளியிடம் செம்புக் குழாய் வாங்கி, அரை அறைக்குப் பதித்தும் விட்டான். மீதிக்கு வாங்கப் போனபோதுதான் கேட்கத் தோன்றியது.

"உங்க வீட்லயும் செம்புதானே?"

"இல்லையே, வெள்ளை," என்றார் சூ.

தொக்மானுக்குப் பதித்ததைப் பெயர்க்க மனம் வரவில்லை. மீதி அறைக்கு வெள்ளைக் குழாயை ஓட்டி, இரண்டையும் நடுவில் இணைத்தான். ரெண்டு முதலாளி வீட்டுத் தரையும் நம்ம வீட்டில்!

சனிக்கிழமை தண்ணீரைத் திறந்தான். இணைப்பு பிய்த்துக்கொண்டு கூரைவரை பீய்ச்சியது. அந்த நேரம் பார்த்து மாமியார் கதவைத் திறந்தார்.

"குளிக்க ஏற்பாடா மாப்பிள்ளை?"

நனைந்த கோட்டோடு நடுங்கியவரைச் சந்தைச் சூப்புக் கடைக்கு அழைத்துப் போனான். அங்கே தரை கதகதவென்றிருந்தது. சுவரோரச் சூட்டில் காலை நீட்டிய மாமியார், சூப்பு வருவதற்குள் குறட்டை விட்டார்.

"அக்கா, இந்தத் தரைக்கு எந்தக் குழாய்?" என்று கடைக்காரம்மாவிடம் கெஞ்சினான் தொக்மான்.

"வெள்ளை. ஒரே சுருள். பதினெட்டு வருஷமாச்சு, ஒரு சொட்டு ஒழுகல."

"அப்புறம் ஏன் ஹாம் முதலாளி தன் வீட்ல செம்பு போட்டாரு? சூ ஏன் வெள்ளை போட்டாரு?"

கடைக்காரம்மா முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயை அவன் முன் வைத்தாள். "அவங்க ரெண்டு பேரும் சம்பந்திங்கப்பா. கல்யாணச் சீரா இவர் வீட்டுக்கு அவரும், அவர் வீட்டுக்கு இவரும் குழாய் போட்டுக் குடுத்தாங்க. சும்மா வந்ததை யாராவது வேணாம்பாங்களா?"