கருநாக்குக் குமாஸ்தா

"த பாட் வில் பிரேக். பானை உடையும்" என்று ஈஸ்வரமூர்த்தி வாசித்து வாய் மூடவில்லை, அடுக்களையில் பானை உடைந்தது.

"என்னட்டி சத்தம்?"

"பானைதான். நீங்க சொன்ன மாதிரியே உடைஞ்சு போச்சு" என்றாள் மனைவி அழகம்மை.

ஈஸ்வரமூர்த்தி நாகர்கோவிலில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தா. திங்கட்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து அதிகாரி வந்து இங்கிலீஷில் வாய்ப் பரீட்சை வைக்கிறார். தேறினால் வேலை நிரந்தரம். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் மாமனார் வயலில் ஏர் பிடிக்க வேண்டியதுதான். இறந்தகாலத்தை எப்படியோ விழுங்கிவிட்டார். எதிர்காலம்தான் தொண்டையில் இறங்கவில்லை. அதனால் இங்கிலீஷில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் என்று தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

மறுநாள் பாடம், "த கௌ வில் ரன் அவே. பசு ஓடிப்போகும்."

சாயங்காலம் தொழுவத்தில் பசு இல்லை. பக்கத்து வீட்டுத் தாணம்மாளின் வாழைக்கன்றுகளில் பாதியை அது முடித்திருந்தது.

"ஏ மக்கா, உனக்குக் கருநாக்குலே! சொன்னது அப்படியே பலிக்கே!" என்று தாணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யக்கா, அது புஸ்தகத்துல உள்ளது!"

"என்ன எழவோ! இனி எங்க வீட்டுப் பக்கம் திரும்பிப் படிக்காத!"

நல்லதாகப் பார்த்துப் படித்தால் நல்லது நடக்கும் என்று ஈஸ்வரமூர்த்திக்கு யோசனை வந்தது. பக்கத்தைப் புரட்டி, "உறவினர் வருவார்கள்" என்று வாசித்தார்.

மறுநாளே சிதறாலிலிருந்து அழகம்மையின் மாமா குடும்பம், பதினொரு பேர், மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியது. வந்தவர்கள் கிளம்புகிற வழியாக இல்லை. அரிசி தீர்ந்தது.

தாணம்மாள் வாய் சும்மா இருக்குமா? சந்தையில் கத்தரிக்காய்க்காரி அவரைக் கண்டதும் கும்பிட்டாள். "அண்ணாச்சி, காய் அழுகும்னு மட்டும் சொல்லிராதீங்கோ!" அலுவலகத்தில் சேவகன் குமாரதாஸ் மேசைக்குக் கிட்டவே வரவில்லை, தூரத்தில் நின்று காகிதக் கட்டை வீசினான்.

சரி, வம்பே வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் படித்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"உதடு மட்டும் அசையுது, பாத்தியா? யாரைச் சொல்லுகானோ!" என்று தெருவே கதவைச் சாத்தியது.

கடைசியில் அவருக்கே தன் நாக்கின் மேல் பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வேலை போனதுபோலத்தான் என்று பாவம், சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பரீட்சை. அதிகாரி வருவதற்கு முன் மூச்சுப் பிடித்து யோசித்தும் ஒரு வாக்கியம்கூட நினைவில் இல்லை. அதிகாரிக்கோ, காலைக் காப்பியோடு சேர்த்து குமாரதாஸ் எல்லாக் கதையையும் ஊட்டியிருந்தான். ஈஸ்வரமூர்த்தி உள்ளே நுழைந்ததுமே அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எதிர்காலத்தில் ஒரு வாக்கியம். சின்னதாகப் போதும்" என்றார் சன்னமாக.

ஈஸ்வரமூர்த்தி அதிகாரியை உற்றுப் பார்த்தார்.

"சார்... யூ... வில்..."

"மதி, மதி! போதும் ஓய்! பாஸ்!" அதிகாரி துள்ளி எழுந்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

ஈஸ்வரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸைவிட்டு இறங்கியவர் வீட்டுக்கு ஓட்டமாக வந்தார்.

"ஏட்டி அழகம்மை! வேலை நிரந்தரமாயிட்டு! எல்லாம் இந்தக் கருநாக்கு பண்ணின உபகாரம்!"

அழகம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"கருநாக்காவது மண்ணாவது! உங்க இங்கிலீஷு தேறாதுன்னு தெரிஞ்சுதான், பானையை உடைச்சதும், பசுவை அவுத்துவிட்டதும், மாமாவுக்கு ஆளு விட்டதும், குமாரதாஸ் காதுல போட்டதும் நானாக்கும்!"