திட்டு வாங்க ஒரு மேசை

என் மனைவி என்னைத் திட்ட வேண்டும். இன்றைக்குள் திட்ட வைத்தே தீருவது. பாதி முகம் சோப்பு நுரையும் பாதி முகம் ரத்தக் கீறலுமாகக் கண்ணாடி முன்னால் நின்றபடி அன்று காலை இப்படி ஒரு சபதம் எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். மற்ற புருஷன்மார்கள் திட்டு வாங்காமல் தப்பிக்க என்னென்னவோ செய்கிறார்கள். நான் வாங்குவதற்காக நாயாய் அலைந்துகொண்டிருந்தேன். என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

கல்யாணமான நாள் முதல் எனக்குத் திட்டும் காபியும் ஒன்று. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், விருந்தாளி வந்தால் கூடுதலாக ஒரு தரம். அதுவும் அவள் திட்டு சும்மா ஏனோதானோ என்று இருக்காது. கட்டிலில் கிடக்கும் ஈரத் துண்டில் ஆரம்பிப்பாள். அங்கிருந்து என் அப்பா, என் பெரியப்பா, என் கையெழுத்து, நான் தும்முகிற விதம் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் அதே ஈரத் துண்டுக்கு வந்து சேருவாள். ஒருநாளும் வழி தவறியதில்லை.

இவ்வளவு திட்டும் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அவள் தங்கைக்கு. ஒரே தங்கை. வெளியூரில் இருந்தாள். சாயங்காலம் ஆனால் அக்காவும் தங்கையும் போனில் உட்கார்ந்துவிடுவார்கள்.

"ஏய், இந்த மனுஷன் இன்னிக்கு என்ன பண்ணினார் தெரியுமாடி?"

அவ்வளவுதான். அடுப்பில் ஒரு பக்கம் குழம்பு கொதிக்கும், இன்னொரு பக்கம் என் மானம் கொதிக்கும். தங்கை அந்தப் பக்கம் என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்காது. இவள் "சும்மா இருடி!" என்று சிரிக்கிறது மட்டும் கேட்கும். நான் கூடத்தில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சரி, நம்மால் வீட்டில் ஒரு கலகலப்பு இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வேன்.

அந்தத் தங்கை ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. நோய் இல்லை, நொடி இல்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட நான் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட கதையைக் கேட்டிருந்தாள்.

அதோடு என் வீட்டில் திட்டு நின்றுபோனது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதபோது எதற்காகச் சேர்த்து வைப்பது? நான் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். எடுத்துக் கொடியில் போட்டாள். பாலைப் பொங்க விட்டேன். துடைத்துவிட்டுப் போனாள். மழையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மெத்தையே நனைந்துவிட்டது.

"மறந்துட்டேன்மா."

"பரவாயில்ல."

அந்த ஒரு சொல்தான். எதற்கெடுத்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் அந்த நேரம் வந்தால் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருப்பாள். விளக்குகூடப் போட மாட்டாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவன். கூட வேலை பார்க்கும் நண்பனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"சம்சாரம் திட்டறதே இல்லையா? யோவ், உனக்கு எங்கேயோ மச்சம் இருக்குய்யா!"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, கண் சோதிக்கிற இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அறையிலிருந்து யார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தொழிலில் அது ஒரு சௌகரியம்.

எங்கள் தெருமுனையில் ஓர் உணவகம் இருக்கிறது. ரொம்பப் பெரிய இடம் என்றும் சொல்ல முடியாது, சாதாரணக் கடை என்றும் தள்ள முடியாது. சுவரில் செங்கல்லைப் பூசாமல் விட்டிருப்பார்கள். நம் வீட்டில் விட்டால் காசில்லை என்பார்கள், அங்கே விட்டால் அலங்காரம். மேசைக்கு ஒரு விளக்கு, அதுவும் அரை வெளிச்சம். அங்கே மெனுவைப் படிக்க முடியாமல் தங்களுக்குக் கண் போய்விட்டது என்று பயந்து எத்தனையோ பேர் மறுநாள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். உணவகத்தின் தலைமைச் சமையல்காரரே என் வாடிக்கையாளர்தான்.

அக்காவும் தங்கையும் அங்கே ஒருநாள் போக வேண்டும் என்று போனிலேயே திட்டம் போட்டிருந்தார்கள். "இவரைக் கூட்டிட்டுப் போனா மானம் கப்பலேறிடும்டி. நீ வா, நாம ரெண்டு பேருமா போலாம்" என்று இவள் சொன்னது என் காதிலேயே விழுந்திருக்கிறது. அந்தத் தங்கை வரவேயில்லை. சரி, மானத்தைக் கப்பலேற்ற நானாவது போகலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த இடத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலைமைச் சமையல்காரரே மேசை மேசையாக வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். என் மனைவியிடம் போய் எப்படி இருக்கு என்று கேட்பது சாமானிய விஷயமா? அதுவும் சூப்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருக்கும்போது? முதலில் அவரைத் திட்டுவாள். பிறகு இந்த இடத்துக்குக் கூட்டி வந்த என்னைத் திட்டுவாள். பெரியப்பா வரைக்கும் போனால் போதும், எனக்கு மோட்சம்.

மத்தியானத்துக்கு முன்னாலேயே போய் அவரைப் பிடித்தேன்.

"உப்பு கூடப் போடணுமா? யாருக்கு சார்?"

"என் சம்சாரத்துக்கு. வாயில வைக்கவே முடியக்கூடாது."

நான் போட்டுக்கொடுத்த கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சார், குடும்பத் தகராறுல எங்களை இழுக்காதீங்க."

"தகராறே இல்லைங்கிறதுதாங்க என் தகராறு!"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் சூப்ல உப்பு கூடன்னு இதுவரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல சார்."

"ஒருத்தி சொல்லட்டுமே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சரி சார். வரவேற்புல மேசைக்குச் சொல்லிட்டுப் போங்க."

வரவேற்பில் இருந்த பெண் பெயரையும் போன் நம்பரையும் கேட்டாள். கடையில் நான் போனை எடுக்க மாட்டேன். ஆகவே வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் என் முழுத் திறமையையும் காட்டினேன். பட்டன் போன சட்டையைப் போட்டுக்கொண்டேன். வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன். உள்ளே ஜன்னலோர மேசை காலியாக இருக்க, கைகழுவும் அறைக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்கினேன். பூ மாதிரி மடித்து வைத்திருந்த துணியை உதறி என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

"இந்த இடம் உனக்குப் பிடிக்கலையோ?"

"பரவாயில்ல."

மெனுவைக் கொடுத்தார்கள். ஒரு காளானைப் பற்றி, அது பிறந்த காடு, வளர்ந்த விதம் என்று ஒரு ஜாதகமே எழுதியிருந்தது. நான் பாதி இருட்டில் ஒரு வரியில் விரலை வைத்து, "இதுல ஒண்ணு கொண்டு வாங்க" என்றேன்.

பரிமாறுகிறவர் குனிந்து பார்த்தார். "அது எங்க போன் நம்பர் சார்."

என் மனைவியின் உதடு லேசாகத் துடித்தது. நான் ஆவலோடு கழுத்தை நீட்டினேன். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ரெண்டு காளான் சூப்" என்றாள். போச்சு.

சூப் வந்தது. குளிக்கிற அளவுக்குத் தட்டு, அதன் நடுவில் ஒரு குழி, குழியில் சூப். அவள் கரண்டியை எடுத்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா... இருக்கா? உப்பு கிப்பு?"

"அளவா இருக்கு. நீங்க குடிங்க, ஆறிடப் போகுது."

கடவுளே, இவளுக்கு நாக்கும் போய்விட்டதா! ஒரு சிட்டிகை உப்பு கூடினால் தெருவுக்கே சொல்கிறவள், இப்போது உப்பும் உறைக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே. துக்கம் இவளை இந்த அளவுக்குத் தின்றுவிட்டதா? இனிமேல் இவள் எனக்குத் திரும்பக் கிடைக்கவே மாட்டாளா? என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் என் சூப்பை ஒரு கரண்டி வாயில் விட்டேன்.

ஐயோ!

காது வழியாக உப்பு வந்தது. கண் பிதுங்கியது. தட்டை மாற்றி வைத்துவிட்டார்கள், பாவிகள்! துப்பினால் விஷயம் வெளியே வந்துவிடும். விழுங்கினேன். சரியாக அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"எனக்குப் பிரமாதம்" என்றாள் என் மனைவி. "அவரைக் கேளுங்க."

"சார், எப்படி இருக்கு?"

"அ... அருமை."

"அப்போ ஏன் கண்ணுல தண்ணி வருது?" என்றாள் இவள்.

"ருசி தாங்கலம்மா."

"அப்படியா? இன்னும் நாலு வாய் குடிங்க."

குடித்தேன். சமையல்காரர் நகரவில்லை. இவளும் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது கரண்டியைத் தூக்கினேன். அவள் சட்டென்று என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கித் தட்டில் எறிந்தாள். அக்கம்பக்கத்து மேசையெல்லாம் திரும்பியது.

"போதும், வைங்க! மனுஷனா நீங்க? உப்பைப் போட்டுப் பொண்டாட்டியைப் பேச வைக்கணும்னு எந்த ஊர்லயாவது எவனாவது நினைப்பானா? அதையும் ஒழுங்காச் செய்யத் தெரியுதா? மத்தியானம் இங்க வரவேற்புல இருக்கிற பொண்ணு நம்ம வீட்டுக்குப் போன் பண்றா. மேசைக்குச் சொன்னா அவங்களுக்கு எது ஆகாதுன்னு கூப்பிட்டுக் கேக்கறது இங்க வழக்கமாம். 'மேடம், உங்களுக்கு உப்பு ஜாஸ்தியாப் போடச் சொல்லி சார் சொல்லிட்டுப் போயிருக்கார், உங்களுக்கு ரத்த அழுத்தம் ஒண்ணும் இல்லையே?'ங்கறா! திருடப் போறவன் வீட்டு விலாசம் கொடுத்துட்டா போவான்? 'அதை அப்படியே சார் தட்டுல போடும்மா, இன்னொரு கை சேர்த்தே போடு'ன்னேன்."

சமையல்காரர் மெல்லப் பின்வாங்கினார்.

"பட்டன் இல்லாத சட்டையோட வந்து நின்னப்பவே வாயைத் திறந்திருப்பேன். பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். கக்கூஸ் பக்கத்துல மேசை! போன் நம்பருக்கு ஆர்டர்! உங்க பெரியப்பா கல்யாண வீட்டுல கை கழுவற தண்ணியைக் குடிச்சவர்தானே, அந்த ரத்தம் எங்கே போகும்!"

பெரியப்பா! பெரியப்பா வந்துவிட்டார்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஊரே பார்க்கட்டும். திட்டு, தாயே, திட்டு.

"இளிக்காதீங்க! இதை இப்பவே அவகிட்டச் சொல்லலேன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும்" என்று அவள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். கட்டை விரல் தானாகப் போய் ஒரு பெயரின் மேல் நின்றது.

நின்றதுதான். அழுத்தவில்லை.

போன் மேசைமேல் விழுந்தது. என் மனைவி அந்த வெள்ளைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தங்கை போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. பரிமாறுகிறவர் எதையோ கொண்டுவந்து, வைக்காமலே திரும்பிப் போனார். நான் அவள் முதுகைத் தடவினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தங்கை இல்லாத குறையை நான் எப்படி நிரப்புவேன்? உப்பு போட்டா நிரப்ப முடியும்?

கடைசியில் ஒன்றும் தோன்றாமல் என் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, போன் பிடிக்கிற மாதிரி காதில் கையை வைத்தேன்.

"சொல்லுக்கா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் ஒன்று விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.

"அந்த மனுஷன் இருக்காரே..." குரல் உடைந்தது. "சூப்ல உப்பு போடச் சொல்லியிருக்கார்டி."

"ஐயையோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் மாத்திட்டேன். அவர் அதைக் குடிச்சுட்டு அருமைன்னு சொல்றார்டி, கண்ணுல ஜலமாக் கொட்டுது..."

அழுதுகொண்டே சொன்னாள். சொல்லச் சொல்ல, இடையில் ஒரு தரம் சிரித்தும்விட்டாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்துக் கொடுப்போம் என்று சேர்த்துச் சொன்னேன்.

"சே, என்ன ஆளுக்கா அவர்! இவரோட எப்படிக்கா காலம் தள்ளுற?"

அவள் டக்கென்று நிறுத்தினாள்.

"அவ இப்படிச் சொல்லவே மாட்டா."

"பின்ன?"

"'அத்தானை ஒண்ணும் சொல்லாதேக்கா'ம்பா. நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னா, உங்களுக்காக அவ பத்து வார்த்தை பேசுவா. தினமும் எங்களுக்குள்ள அந்தச் சண்டைதான்."

கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிழிக்கிறார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேனே. இந்த உலகத்தில் எனக்காக வாதாட ஒரே ஒரு ஜீவன் இருந்திருக்கிறது. அதுவும் இப்போது இல்லை. இந்த முறை துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது நான். என் மனைவி என் முதுகைத் தடவினாள்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தேன்.

"சரிம்மா. இனிமே நீ தினமும் என்கிட்டயே சொல்லு. அவ பேசின மாதிரி என் பக்கத்துக்கு நானே பேசறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாராளமாப் பேசுங்க. அவ அவ்வளவு நல்லாப் பேசியே ஒருநாள்கூட ஜெயிச்சதில்ல."